இசக்கிசெல்விக்கு வழியனுப்பு விழா

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜனவரி மாதம் மழை பெய்தால் அது மழை இல்லை என்று வாரியம் தீர்மானித்த அன்றைக்கே இசக்கிசெல்வி உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். காலை நேரத்தில் கல்லுக்கு முன்னால் நிற்கிறவளுக்கு நாட்டு நடப்பைக் கவனிக்க ஏது நேரம்?

பஜார் ரோட்டிலிருந்து படகுத்துறைக்குத் திரும்பும் சந்தில், மிளகுக் கிடங்குக்கு எதிரே அவள் கடை. அவளுடைய அப்பா போட்ட கடை. காலையில் இட்லி, தோசை, சாயா, சாயங்காலம் பழம்பொரி. மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், கிடங்கில் இஞ்சி பொறுக்கும் பெண்கள், வழி தவறி வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். பக்கத்துக் கடை முகமது இஸ்மாயிலுடையது. குடை விற்பார், கம்பி போன குடையைச் சரிசெய்தும் கொடுப்பார்.

அன்று வாரியத்தின் நீல அங்கி போட்ட இரண்டு பேர் மழையில் தொப்பலாக நனைந்தபடி வந்து இஸ்மாயிலின் கடைமுன் நின்றார்கள்.

"இக்கா, கடையை மூடணும்."

"எதுக்கு?"

"குடை தொங்குது."

"குடைக்கடையில வேற என்ன மோனே தொங்கும்?"

"டிசம்பர் தொட்டு மார்ச் வரைக்கும் இந்தப் பக்கம் மழை கிடையாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. குடையைப் பார்த்தா விருந்தினருக்கு வாரியத்து மேல நம்பிக்கை போயிடும்."

இஸ்மாயில் கையைக் கூரைக்கு வெளியே நீட்டினார். தண்ணீர் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு ஓடி, சொட்டியது.

"இது என்ன?"

இருவரில் மூத்தவன் சட்டைப்பையிலிருந்து ஈரமான புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். "ஈரப்பதம்," என்றான். "ஈரப்பதம் உண்டுன்னு போட்டிருக்கு."

கடையை மூடிவிட்டு இஸ்மாயில் இசக்கிசெல்வியின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "செல்வி, ஒரு சாயா. ஈரப்பதம் ரொம்ப பெய்யுது," என்றார். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் வெகுநாள் சிரிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெப்பமண்டல விருந்தினர் ஆலோசனை வாரியம் என்று ஓர் அமைப்பு. நம் நாட்டுக்கு வருகிறவர்கள் எங்கே போகலாம், என்ன உடுத்தலாம், எதைத் தின்னக் கூடாது, யாரைப் பார்த்துப் புன்னகைக்கலாம் என்றெல்லாம் சொல்லும் 'வருக, கவனமாக வருக' என்ற புத்தகத்தை அச்சிட்டது. நாடு பெரியது, விதவிதமான பிரதேசங்கள் கொண்டது. வருகிறவர்களுக்கோ விடுமுறை குறைவு. ஆகவே ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு பக்கம், ஒரு வானிலை, ஒரு சாப்பாடு, ஒரு சுபாவம். மலைப்பக்கத்து ஜனங்கள் கூச்சப்படுவார்கள். காயல்பக்கத்து ஜனங்கள் பாடிக்கொண்டே துடுப்பு போடுவார்கள். கடற்கரை நகரத்து ஜனங்கள் மீனும் கப்பைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்தில் உறங்குவார்கள், எழுப்ப வேண்டாம்.

வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ப் புகார் எழுதினார்கள். காயலோரத்துக் கும்பளங்கியில் எல்லாரும் மோட்டார் படகில் போகிறார்கள், ஒருவரும் பாடவில்லை. மட்டாஞ்சேரியில் மத்தியானம் ஒருவரும் உறங்கவில்லை, மாறாகச் சத்தம் போட்டுச் சண்டை போடுகிறார்கள், அதுவும் பல பாஷைகளில்.

வாரியம் கூடி யோசித்தது. புத்தகத்தைத் திருத்தினால் மறுபடி அச்சடிக்க டெண்டர் விட வேண்டும். நாட்டைத் திருத்த டெண்டர் தேவையில்லை. கும்பளங்கியில் வெள்ளைக்காரர் கண்ணில் படும் தூரத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுப் பாட வேண்டும் என்று உத்தரவு போனது. மட்டாஞ்சேரிக்குத் துணை இயக்குநர் வெங்கடேஸ்வரன் வந்தார்.

வெங்கடேஸ்வரன் நல்ல மனிதர். இதை எல்லாரும் சொல்வார்கள், அவரும் சொல்வார். பல தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம், மலையாள ராகத்தில் தமிழ் பேசுவார். இசக்கிசெல்வியின் பெஞ்சில் உட்கார்ந்து நெய்த் தோசை சாப்பிட்டார். சட்னியை விரலால் வழித்து நக்கினார். கை கழுவிவிட்டு, தமிழாட்கள் தமிழாட்களைக் கேட்கிற அதே பிரியத்தோடு கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"சுரண்டை, சார்."

இதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரி வரை எந்தத் தமிழாளைக் கேட்டாலும், அப்பா எங்கிருந்து மூட்டை கட்டினாரோ அந்த ஊரைத்தான் சொல்வான். குடியிருக்கும் இடத்தை யாரும் கேட்பதில்லை, அது கண்ணுக்குத் தெரிகிறது. ஊரைக் கேட்பது சொந்தபந்தம் பார்க்க, சாமி பார்க்க, ஒரு பேச்சுக்கு. இசக்கிசெல்வி சுரண்டைக்குக் கோயில் கொடைக்குப் போவாள். அதுவும் எல்லா வருஷமும் கிடையாது. போனால் அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலோடு திரும்புவாள். மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனாலும் ஊர் எது என்றால் சுரண்டை. வெங்கடேஸ்வரன் கைப்பேசியில் அதைத் தட்டிக்கொண்டு, தோசைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வாரம் செண்டைமேளம் வந்தது.

ஏதோ கோயில் ஊர்வலம் என்று நினைத்து அவள் சாயா பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். மேளம் போகவில்லை, கடைமுன் நின்று அடித்தது. பொன்கரை போட்ட கசவுச் சேலை கட்டிய பெண்கள் அவள் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். ஒருவன் இளநீரை நீட்டினான். வெங்கடேஸ்வரன் மல்லிகை மாலையை அவள் கழுத்தில் போட்டு, கைகூப்பி, "எங்கள் நாட்டுக்கு வந்ததற்கு நன்றி," என்றார்.

"என்ன சார் இது? பரிசா?"

"அதைவிடப் பெரிசு. நீங்க இனிமே விருந்தினர்."

பின்னால் நின்ற நீல அங்கிக்காரன் அடுப்பை அணைத்தான். கல்லில் கிடந்த தோசையைத் தட்டில் எடுத்து அவளிடமே மரியாதையாகக் கொடுத்தான். விருந்தாளியை அடுப்படியில் நிற்கவிடுவது வீட்டுக்காரனுக்கு அவமானம் அல்லவா? ஷட்டரை இறக்கிப் பூட்டு போட்டு, மேலே ஒரு நாடாவை ஒட்டினார்கள். 'விருந்தினர் ஓய்வில் இருக்கிறார்' என்று அதில் மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தது. தமிழில் இல்லை.

ராத்திரி அவள் புருஷன் ரமேஷ்பாபு களமசேரியில் கட்டட வேலை முடித்து வந்தான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவன் சுரண்டையிலிருந்து கொச்சிக்கு வந்தவன். இன்னும் மலையாளத்தில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அவனை யாரும் விருந்தாளி என்று சொல்லவில்லை.

"எங்ககிட்டயும் கேட்டானுவ, வேலை நடக்குற இடத்துல. எங்கருந்து வாரேன்னு கேட்டான். மட்டாஞ்சேரின்னேன். காலையில அங்கருந்துதான வந்தேன்?"

"அப்ப நீங்க இந்த ஊரு. நான் சுரண்டையா?"

"சுரண்டை எங்க ஊருட்டி. நீ ஏன் அதைச் சொன்ன?"

"எங்கப்பா ஊரு. கேட்டா வேற எதைச் சொல்ல?"

அவன் யோசித்துப் பார்த்தான். அவனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று தெரிந்தது. அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

விருந்தாளியை வீட்டில் வைத்திருப்பதால் அது ஹோம்ஸ்டே என்று மறுநாளே தகவல் வந்தது. ஆய்வாளர் வந்து கட்டிலை அளந்தார், கொசுவலை கட்டச் சொன்னார், சுவரில் படகுப் படம் ஒன்று மாட்டச் சொன்னார். வீட்டுக்காரர் காலையில் விருந்தினரிடம் நன்றாக உறங்கினீர்களா என்று கேட்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை ரமேஷ்பாபு கட்டில்காலருகே நின்று, "நல்லா ஒறங்குனீங்களா?" என்று கேட்டான். இசக்கிசெல்வி பார்த்த பார்வையில் அவன் சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவள் நேரே வாரிய அலுவலகத்துக்குப் போனாள். பஜார் ரோட்டில் பழைய மசாலாக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். கிடங்கின் வாசனை போவதற்காகத் தரையை அமிலம் ஊற்றிக் கழுவி, காற்றில் ஏலக்காய் மணக்கும் என்று புத்தகத்தில் இருந்ததால் ஏலக்காய் வாசனை அடிக்கும் ஒரு கருவியை மூலையில் வைத்திருந்தார்கள். அது மணிக்கொரு தரம் தும்மியது.

முன்னால் இருந்த குமாஸ்தாவிடம், துணை இயக்குநரைப் பார்க்கணும், என் கடையை எதுக்குப் பூட்டினீங்க என்று மலையாளத்தில் கேட்டாள். கோபத்தில் மட்டாஞ்சேரிப் பேச்சு இன்னும் பச்சையாக வந்தது. குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா! எவ்வளவு சீக்கிரம் நம்ம பாஷையைப் படிச்சுட்டாங்க!"

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் பேசச் சொன்னார்.

வெங்கடேஸ்வரன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். விருந்தினர் உட்காரும் வரை அவர் உட்காரவில்லை.

"சார், நான் இங்கதான் பொறந்தேன்."

"ரொம்ப சந்தோஷம். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போன மாசம் டென்மார்க்லேருந்து ஒரு அம்மா, இங்கேயே பொறந்த மாதிரி இருக்குன்னு இதே நாற்காலில உக்காந்து அழுதாங்க."

"மாதிரி இல்ல சார். பொறந்தேன்."

"அவங்களும் அழுத்தித்தான் சொன்னாங்க. நீங்க அதை எழுதிக் கொடுத்தா அடுத்த பதிப்புல சேர்த்துக்கலாம்."

இசக்கிசெல்வி பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரியாதையோடு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் கண்கள் ஈரமாயின.

"உங்கம்மா பிரசவத்துக்கு இங்க வந்திருக்காங்க. மருத்துவச் சுற்றுலா! இப்ப நாங்க கோடிக்கணக்குல விளம்பரம் பண்றோம். அந்தக் காலத்துலேயே ஒரு அம்மா தானா வந்திருக்காங்க பாருங்க."

அவள் சான்றிதழைத் திரும்ப வாங்கி மடித்தாள். பையில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சார், உங்களுக்கு எந்த ஊரு?"

"கல்லிடைக்குறிச்சி," என்றார் வெங்கடேஸ்வரன். சொல்லும்போதே குரல் குழைந்தது. "நான் பார்த்ததில்லை. ஆனா அந்த ஆத்துத் தண்ணி, அந்த அப்பளம்... பரம்பரையா சொல்லிச் சொல்லி நாக்குல இருக்கு."

"அப்ப நீங்களும் விருந்தாளிதான?"

அவர் புண்படவில்லை. வெங்கடேஸ்வரனைப் புண்படுத்துவது கடினம். குழந்தைக்குச் சொல்வதுபோல் முன்னால் சாய்ந்து சொன்னார்.

"இதுல நெறைய பேருக்குக் குழப்பம் வருது. எங்க முன்னோர் வந்தது மாட்டுவண்டியில. மாட்டுவண்டியில, கப்பல்ல, குதிரையில வந்தா அது பாரம்பரியம். பஸ்ல வந்தா அது வருகை. இதை நானா சொல்லலை, வாரியத்தோட கொள்கைக் குறிப்புல இருக்கு. அந்தக் குறிப்பை எழுதினது நான்தான். ஆனா எழுதும்போது நான் தனிமனுஷனா எழுதலை."

"பஸ்ல வந்தது எங்கப்பா சார். நான் எங்கருந்தும் வரல."

"அங்கதான் கவனமா இருக்கணும். எங்கேருந்தும் வராம ஒருத்தர் இங்க இருக்கார்னா, அவங்களைக் கூப்பிட வேற பேர் இருக்கு. அதைப் பார்க்கற ஆபீஸ் வேற, அங்க மாலை போட மாட்டாங்க. நான் உங்களை விருந்தினர்ங்கற பிரிவுல வெச்சிருக்கேன்னா, அது நம்ம பாஷைக்காரங்களாச்சேன்னுதான்."

அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியே வரும்போது குமாஸ்தா அவளுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழிகாட்டி. சுபாஷிணி என்ற பெண், கல்லூரி முடித்து ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவள். இசக்கிசெல்வி ரேஷன் கடைக்குப் போனால் கூடவே வந்து, "மேடம், இடது பக்கம் தெரியறது பழைய மிளகுக் கிடங்கு," என்பாள். தெருக்குழாயில் குடத்தை வைத்தால், "மேடம், குழாய்த் தண்ணி குடிக்க வேண்டாம்னு ஆலோசனை," என்று குடத்தை எடுத்து ஓரமாக வைப்பாள். வரிசையில் பின்னால் நின்ற மாயம்மாள், அவள் இடத்தில் தன் குடத்தை வைத்தாள். மாயம்மாள் கிடங்கில் இஞ்சி பொறுக்குகிறவள், அவளும் தெற்கத்திக்காரிதான்.

"கோவிச்சுக்காத செல்வி. நீதான் குடிக்கக் கூடாதே," என்றாள்.

"உனக்கு எந்த ஊருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க." மாயம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மட்டாஞ்சேரின்னேன்."

ஒரு வாரத்துக்குள் அந்தச் சந்தில் இருந்த ஊர்களெல்லாம் காணாமல் போயின. சங்கரன்கோவில் போயிற்று, ராஜபாளையம் போயிற்று, விளாத்திகுளம் போயிற்று. கொத்தனார் அழகர் தன் கையில் பச்சை குத்தினாற்போல் எப்போதும் சொல்லிக்கொண்டு திரிந்த கமுதியைக்கூட விட்டுவிட்டார். தாய் தகப்பன் பிறந்த ஊரை யாரும் வாயால் சொல்லவில்லை. மத்தியானத்தில் எல்லாரும் உறங்கினார்கள். இஞ்சி மூட்டைகள் மேல் சாய்ந்து, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நீல அங்கிக்காரர்கள் கடந்து போகும் வரை உறங்கினார்கள்.

இசக்கிசெல்விக்கு உறக்கம் வரவில்லை. விருந்தாளியாக இருப்பதில் ஒரு சங்கடம், கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. அவள் கை காலையில் கரண்டியைத் தேடியது. எங்கே போனாலும் கதவைத் திறந்து விட்டார்கள், வணங்கினார்கள், உட்காரச் சொன்னார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். மட்டாஞ்சேரியில் வளர்ந்தவளுக்கு அது கைவந்த வேலை. கும்பிடுகிறவனை என்ன செய்வது? நெஞ்சுக்குள் ஒன்று கல்லில் ஒட்டிய மாவு போலக் கருகிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் ஷட்டருக்கு மேலே பலகை ஏறியது. 'உள்ளூர் அனுபவ மையம்.' உள்ளே மீனும் கப்பையும் கிடைக்கும்; பெஞ்சில் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார், அவரைப் படம் பிடிக்கலாம்.

"சுபாஷிணி, அது என் கடை."

சுபாஷிணி அக்கம்பக்கம் பார்த்தாள். "சேச்சி," என்று முதல் தடவையாகக் கூப்பிட்டாள். "உங்களை மூணாறுக்கு அனுப்பறாங்க. வைட்டிலாவுல பஸ் ஏத்திவிடறாங்க. ஒரே பிரதேசத்துல விருந்தினரைத் தங்க வெச்சுட்டா மத்த பிரதேசம் வருத்தப்படுமாம். அங்கேருந்து வேற எங்கயோ."

"திரும்பி எப்ப?"

"திரும்பி வர்றதைப் பத்தி புத்தகத்துல ஒண்ணும் இல்லை."

"நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"எனக்கு மார்ச் வரைக்கும்தான் ஒப்பந்தம், சேச்சி," என்றாள் சுபாஷிணி. அதுதான் பதில்.

வழியனுப்பு விழா சனிக்கிழமை காலை, கடைக்கு முன்னாலேயே நடந்தது. சந்துக்குக் குறுக்கே பந்தல் போட்டு, பஜார் ரோடு வரை பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நிஜமான விருந்தினர்கள், தொப்பியும் பருத்தி உடையுமாக. பின்வரிசையில் சந்து ஜனங்கள், உறங்குவதா விழித்திருப்பதா என்று தெரியாமல். ரமேஷ்பாபுவை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சிறந்த ஹோம்ஸ்டே நடத்தியதற்காக அவனுக்குப் பொன்னாடை. அதை அவன் குளிருக்குப் போர்த்தியவன் போல் இழுத்து மூடிக்கொண்டு குனிந்திருந்தான்.

வாரியத் தலைவி கமலாக்ஷி பேசினார்.

"நம் நாடு பல பிரதேசங்களைக் கொண்டது. பல முகங்கள்! அதுதான் நம் பெருமை. அந்தப் பல முகங்களைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு முகமும் அதனதன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே தெருவில் எல்லா முகமும் இருந்தால் விருந்தினர் எதைப் பார்ப்பார்? சிலர் கேட்கிறார்கள், மட்டாஞ்சேரியில் எப்போதும் எல்லா ஜனங்களும் கலந்துதானே இருந்தார்கள் என்று. உண்மை. அதற்காகத்தான் இங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. கலந்து வாழ்வதற்கு அருங்காட்சியகத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சிலர் சொல்கிறார்கள், இந்தச் சகோதரியை வெளியேற்றுகிறோம் என்று. மேளம் வைத்து யாராவது வெளியேற்றுவார்களா? நாங்கள் அவருடைய அனுபவத்தை நீட்டிக்கிறோம். இவர் இங்கே இருந்த காலத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஏனென்றால் அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு வேலை, எல்லாம் உங்களுக்காக."

கைதட்டல். மேளம். ஒரு புது மாலை. பிறகு விருந்தினர் நன்றி சொல்ல வேண்டும். ஒலிவாங்கியை இசக்கிசெல்வியின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவள் மலையாளத்தில் ஆரம்பித்தாள். வெங்கடேஸ்வரன் ஓடிவந்து, "உங்க பாஷையிலேயே பேசுங்கோ, அதுதான் அழகு. சுபாஷிணி மொழிபெயர்ப்பாள்," என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். சுபாஷிணி இன்னொரு ஒலிவாங்கியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது என் கடை," என்றாள் இசக்கிசெல்வி. "பூட்டி வெச்சிருக்காங்க."

சுபாஷிணி தரையைப் பார்த்தபடி இங்கிலீஷில் சொன்னாள். இந்தக் கடையை என் மனதில் பூட்டி வைத்திருக்கிறேன் என்கிறார். முன்வரிசை பெருமூச்சு விட்டது. பஜார் ரோட்டில் கடை வைத்திருப்பவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

"நான் எங்கயும் போகல. போக மாட்டேன்."

இங்கிருந்து போக மனமே வரவில்லை என்கிறார். தொப்பி போட்ட ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள்.

"இவங்க பொய் சொல்லுதாங்க. எல்லாரும் பொய் சொல்லுதீங்க. என் வீட்டுக்காரனைப் பொம்மையாக்கி உக்கார வெச்சிருக்கீங்க. தண்ணி புடிக்க விடல. என் ஊரை என் வாயாலயே எனக்கு எதிராத் திருப்பிட்டீங்க."

சுபாஷிணி இந்தத் தடவை கொஞ்சம் திணறினாள். வாரியத்தின் உபசரிப்பை வார்த்தையால் சொல்ல முடியாது என்கிறார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. கமலாக்ஷி எழுந்து நின்று கைதட்டினார். வெங்கடேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இசக்கிசெல்வி அவர்களைப் பார்த்தாள். இந்தப் பந்தலில் எதைச் சொன்னாலும் அது நன்றியாகத்தான் மாறும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அழுதால் பாசம், கத்தினால் ஆனந்தம், சும்மா நின்றால் அடக்கம். ஒலிவாங்கியை நாற்காலியில் படுக்க வைத்தாள். மாலையைக் கழற்றி அதன் பக்கத்தில் போட்டாள். மேடையிலிருந்து இறங்கி, ஓரத்தில் நின்ற ஆட்டோவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு நடந்தாள்.

நாடாவைக் கிழித்தாள். பூட்டின் மேல் கல்லால் ஓர் அடி. படுத்துக்கிடந்த ஒலிவாங்கி அந்தச் சத்தத்தை வாங்கி, பந்தல் முழுக்கப் பரப்பியது. மேளக்காரர்கள் தங்களுக்கான குறிப்போ என்று கழியைத் தூக்கி, பிறகு தாழ்த்தினார்கள். இரண்டாவது அடி. விருந்தினர்கள் சுபாஷிணியைத் திரும்பிப் பார்த்தார்கள். இது என்ன சடங்கு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

"சொல்லு," என்றார் கமலாக்ஷி, உதடு அசையாமல். "ஏதாவது சொல்லு."

சுபாஷிணி ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள். எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள்.

"பூட்டை உடைக்கிறாங்க," என்றாள். இங்கிலீஷில் சொன்னாள். மலையாளத்தில் சொன்னாள். அப்புறம், யாரும் கேட்காமலே, தமிழிலும் சொன்னாள். "அது அவங்க கடை. அவங்க பொறந்த ஊர் இது. இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் அவங்க சொன்னதில்லை."

யாரும் கைதட்டவில்லை. தொப்பிப் பெண்மணி கைக்குட்டையை மடித்து வைத்தாள்.

பூட்டு விட்டது. ரமேஷ்பாபு பொன்னாடையை உதறிப் போட்டுவிட்டு ஓடிவந்து ஷட்டரின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான். உள்ளே அவள் சாமான்களை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். அடுப்பைச் சரிசெய்து வைத்தாள். தேயிலை டப்பா இருந்தது, சர்க்கரை இருந்தது. தண்ணீர் இல்லை. மேடைக்குத் திரும்பப் போய், பெரியவர்கள் முன்னால் வரிசையாக வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். கமலாக்ஷி தன்னுடைய பாட்டிலைப் பிடித்தார்; அவள் அதையும் பிடுங்கினாள்.

வெங்கடேஸ்வரன் பந்தல் ஓரத்தில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். "விருந்தினர் இல்லை," என்று சொன்னது கேட்டது. "இல்லை, இல்லை, அந்தப் பிரிவு இல்லை. நீங்க பார்க்கற பிரிவு."

பின்வரிசையில் இஸ்மாயில் எழுந்தார். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு கட்டன் சாயா, செல்வி. மதுரம் குறைச்சு."

"இருங்க இக்கா. இப்பத்தான் பத்த வெக்கேன்."

மாயம்மாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இசக்கிசெல்வி அவளைப் பார்க்கவில்லை, ஆனால் டம்ளர்களைக் கழுவும்போது ஒன்று கூடுதலாக எடுத்தாள்.

வாரியம் போட்ட நாற்காலிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் போலீஸ் வண்டி சந்துக்குள் திரும்ப முடியாமல் பஜார் ரோட்டிலேயே நின்றது. போலீஸ்காரர்கள் இறங்கி, நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு நடந்து வருவதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது.